மாதுளம்பழத்தோடு வகுப்புக்குள் போங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிரேக்கப் புராணத்தைப் பற்றித்தான். மும்பைத் தமிழ் டீச்சர்களும் அம்மாக்களும் பேசிவைத்துக்கொண்டு எழுதினார்களோ என்னவோ. சரி, சந்தி இலக்கணக் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும்.

கேள்வி: ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தில் கிரேக்கப் புராணம் இரண்டு வாரம் வருகிறது. 42 பிள்ளைகள், 35 நிமிஷ பீரியட். போன வருஷம் பன்னிரண்டு ஒலிம்பஸ் கடவுள்களுக்கும் சார்ட் போடச் சொன்னேன். சுவர் நிறைந்தது. பரீட்சையில் போசைடன் யார் என்று கேட்டால் பாதிப் பேர் கடல் கடவுள் என்று எழுதாமல் சூரியக் கடவுள் என்று எழுதி வைத்தார்கள். வேறு என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, செம்பூர்

பதில்: முதலில் அந்தச் சார்ட்டை விட்டுவிடுங்கள் அம்மா. பிள்ளை போனில் பார்த்துச் சொல்ல, அம்மா வெட்ட, அப்பா ஒட்ட, மறுநாள் சுவரில் தொங்குவது ஒரு குடும்பத்தின் ராத்தூக்கம், போசைடன் அதில் யார் தலைக்குள்ளும் போயிருக்க மாட்டார். பல வருஷம் நானும் இதையே செய்த ஆள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு பேரையும் விட மனசில்லை என்றால் அந்தப் பன்னிரண்டையே சண்டையாக்குங்கள். ஏனென்றால் அந்தப் பட்டியல் எல்லா இடத்திலும் ஒன்று போல இல்லை. சிலவற்றில் அடுப்பின் தெய்வமான ஹெஸ்டியா இருப்பாள், சிலவற்றில் அவள் இடத்தில் மதுவின் தெய்வம் டயோனைசஸ். ஹேடீஸ் கடவுள்களின் ராஜாவான ஜீயஸின் கூடப்பிறந்தவன், ஆனால் குடியிருப்பு பாதாளத்தில் என்பதால் பொதுவாக அவனைச் சேர்ப்பதில்லை. ஆக, 14 பிள்ளைகள், 12 நாற்காலி. தனக்கு ஏன் இடம் வேண்டும் என்று ஒவ்வொருவரும் அரை நிமிஷம் பேசட்டும், யார் நிற்பது என்று மீதி வகுப்பு சொல்லட்டும். லோக்கல் டிரெயினில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொள்ளப் பேசிப் பழகிய ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது வேறு. இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு கதையை எடுங்கள், அதை ஒரு வழக்காக நடத்துங்கள். பெர்செஃபனி கதை இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். தானியத்தின் தெய்வம் டிமீட்டர். அவள் மகள் பெர்செஃபனி பூப்பறித்துக்கொண்டிருக்கும்போது பூமி பிளந்து, ஹேடீஸ் தேரோடு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். தாய் கையில் பந்தத்தோடு ஒன்பது நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் தேடுகிறாள். கடைசியில் பயிர் எல்லாம் நின்றுபோக, ஜீயஸ் வேறு வழியில்லாமல் பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார். ஆனால் அவள் பாதாளத்தில் மாதுளை முத்தைத் தின்றுவிட்டாள், அதனால் வருஷத்தில் சில மாதம் அங்கே போய் இருந்தாக வேண்டும். கதை இவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதைக்கு இரண்டு பழைய வடிவங்கள் உண்டு. ஹோமர் பெயரில் வழங்கும் டிமீட்டர் துதியில் ஹேடீஸ் அந்த முத்தை அவளுக்குத் தந்திரமாகக் கொடுக்கிறான், ஒரே ஒரு முத்து, கீழே இருக்க வேண்டியது வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு. ரோமக் கவி ஓவிட் சொல்லும்போதோ அவளே தோட்டத்தில் பழம் பறித்து ஏழு முத்து தின்கிறாள், தண்டனை பாதி வருஷம். டிமீட்டர் வாதி, ஹேடீஸ் பிரதிவாதி. வாதி வக்கீல்களுக்கு முதல் வடிவத்தை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், பிரதிவாதி வக்கீல்களுக்கு இரண்டாவதை மட்டும். இரண்டு இருக்கிறது என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வழக்கு நடக்கிறபோது ஒருத்தி எழுந்து “ஒரு முத்து” என்பாள், எதிர்ப்பக்கம் “பொய், ஏழு” என்று கத்துவான், இரண்டு பேரும் தாளைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த ஐந்து நிமிஷக் கலாட்டாவில் ‘புராணத்துக்கு ஒரே மூலம் கிடையாது’ என்ற பாடம் நீங்கள் வாய் திறக்காமலே நடந்து முடிந்துவிடும்.

சாட்சிகளும் அருமையாக அமைகிறார்கள். துதிப்படி ஹெக்கட்டி என்ற பெண் தெய்வம் பெர்செஃபனியின் அலறலைக் கேட்டாள், ஆனால் பார்க்கவில்லை. சூரியன் ஹீலியோஸ் மேலிருந்து பார்த்தான். காதால் கேட்டவள் சாட்சிக்கும் கண்ணால் கண்டவன் சாட்சிக்கும் எடை ஒன்றா என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஜீயஸை மட்டும் நீதிபதி ஆக்காதீர்கள். பெண்ணின் தகப்பனே அவர்தான், ஹேடீஸுக்கு முன்கூட்டியே சம்மதம் கொடுத்தவரும் அவர்தான். என் வகுப்பில் தெரியாமல் ஆக்கிவிட்டேன், பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து “சார், இவரே அக்யூஸ்ட் ஆச்சே” என்றான். அன்று பீரியட் அத்தோடு சரி.

வக்கீல், சாட்சி போக மீதி எல்லாரும் ஜூரி. ஏதென்ஸில் ஒரு வழக்குக்கு ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் நடுவர்களாக உட்கார்ந்ததுண்டு, ஒரு காலத்தில் ஓட்டையும் கூழாங்கல்லால்தான் போட்டார்கள். நமக்குப் புளியங்கொட்டை போதும். தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அது குற்றவாளி, தேய்க்காதது நிரபராதி. ஒரு டப்பாவில் போடச் சொல்லி எல்லார் முன்னாலும் எண்ணுங்கள்.

வழக்கு தொடங்குகிற அன்று மறக்காமல் ஒரு நிஜ மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு போங்கள், சோலாப்பூர்ப் பழம் நம் தெருமுனை வண்டியிலேயே கிடைக்கும். மேஜை மேல் வைத்து உடையுங்கள். ஆளுக்கு ஒரு முத்து கையில் கொடுத்து, “தின்றால் திரும்பி வர முடியாது, யார் தின்கிறீர்கள்?” என்று கேளுங்கள். நான் கேட்டபோது நாலைந்து பேர் யோசிக்காமல் தின்றார்கள், சிலர் ஒளித்து வைத்தார்கள், ஒரு பெண் மட்டும் பீரியட் முடியும்வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்து சீருடையெல்லாம் கறையாக்கிக்கொண்டாள். அவள் அம்மா டைரியில் எழுதி அனுப்பினார், நியாயம்தான்.

அப்புறம் காலண்டர் வேலை ஒன்று. டிமீட்டர் மும்பையில் இருந்தால் எந்த மாதங்களில் மகளைப் பிரிந்து அழுவாள் என்று எழுதச் சொல்லுங்கள். நமக்கு இங்கே குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லையே. மே மாத வேர்வை என்று ஒரு கட்சி எழும், ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காயாது, டிரெயின் ஓடாது, அதனால் மழைதான் அவள் கண்ணீர் என்று இன்னொரு கட்சி. கிரேக்கத்தில் நிலம் காய்ந்து கிடப்பது கோடையில்தான், அதனால் அவள் கீழே இருந்த மாதங்கள் கோடைதான் என்று வாதாடுகிற அறிஞர்களும் உண்டு. பிள்ளைகள் வாதாடி முடித்த பிறகு இதைச் சொல்லுங்கள், முன்னாலேயே சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: தமிழ் மீடியப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். புரொஜெக்டர் இல்லை, செலவுக்குப் பணமும் இல்லை. இந்தப் பெயர்களெல்லாம் என் பிள்ளைகள் வாயில் நுழையாது. ஜீயஸ் என்றால் குடிக்கிற ஜூஸா சார் என்கிறார்கள். என்ன செய்ய?
– ஓர் ஆசிரியர், தாராவி

பதில்: ஜூஸ் என்றே சொல்லட்டும் சார், கிரேக்கர் கேட்டால் நம் உச்சரிப்புக்கும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள்.

மும்பையில் வேறெந்தப் பள்ளிக்கும் இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது, நடந்து போகிற தூரத்தில் குயவர்கள் குடியிருக்கிற கும்பார்வாடா. கிரேக்கக் கதைகள் நமக்குக் கிடைத்ததில் பாதி பானை மேல் வரைந்துதானே. கருப்பு உருவப் பானை என்று ஒரு வகை, செம்மண் நிறப் பானையில் உருவங்கள் கருப்பாக இருக்கும், கண், தாடி, துணி மடிப்பு எல்லாம் கூரான கருவியால் கீறி உள்ளே இருக்கும் மண் நிறத்தை வெளியே கொண்டுவருவார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஏதென்ஸ்காரர்கள் இதையே தலைகீழாக்கி, பின்னணியைக் கருப்பாக்கி உருவத்தை மண் நிறத்தில் விட்டார்கள். அந்தக் கருப்பு பெயின்ட் இல்லை, மெல்லிய களிமண் குழம்பு. சூளைக்குக் காற்று விட்டு, அடைத்து, மறுபடி விட்டு அந்த நிறத்தை வரவழைத்தார்கள். இதைப் புத்தகத்திலிருந்து நீங்கள் விளக்குவதைவிட, சூளை போடுகிற ஒரு குயவரிடமே பிள்ளைகளை அழைத்துப்போய் “அடைத்தால் ஏன் கருப்பாகிறது?” என்று கேட்க வைப்பது நல்லது.

வகுப்பில் பூச்சு போடாத மண் தட்டும் அகலும் போதும். கருப்பு போஸ்டர் கலர். நான் முதல் தடவை எனாமல் பெயின்ட் அடித்து, கீறும்போது அது அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. போஸ்டர் கலரை வெறும் மண் உறிஞ்சிவிடும், அதனால் இரண்டு கோட். கீறுவது ஈரமும் இல்லாமல் முழுக்கக் காயாமலும் இருக்கிற நேரத்தில், விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, ஆனால் குளிர்ச்சி தெரிய வேண்டும். தீர்ந்துபோன ரீஃபில் முனை காம்பஸ் முனையைவிட நன்றாக வேலை செய்யும். ஒரே நிபந்தனை, பெயர் எழுதக் கூடாது. இடி கையில் இருந்தால் ஜீயஸ், ஆந்தை இருந்தால் ஆதீனா, செருப்பில் சிறகிருந்தால் ஹெர்மீஸ், சிங்கத்தோல் போர்த்தியிருந்தால் ஹெராக்ளீஸ் என்று பக்கத்துப் பிள்ளை பார்த்துச் சொல்ல வேண்டும். சார்ட்டில் ஏறாத பெயர் இதில் ஏறும்.

கும்பார்வாடாவிலிருந்து உடைந்த ஓடுகளையும் ஒரு பை அள்ளிக்கொண்டு வாருங்கள். ஏதென்ஸில் ஒரு வழக்கம், ஊருக்கு ஆபத்து என்று தோன்றுகிற ஆளின் பெயரை மக்கள் ஓட்டாஞ்சில்லில் கீறிப் போடுவார்கள், குறைந்தது 6,000 சில்லு விழுந்திருந்தால் அதிகம் பெயர் வாங்கியவர் 10 வருஷம் ஊரை விட்டுப் போக வேண்டும். உங்கள் வகுப்பு ஒலிம்பஸிலிருந்து யாரை விரட்டும்? காரணத்தோடு சில்லில் கீறட்டும். நம் கீழடி ஓடுகளிலும் தமிழ்ப் பிராமியில் ஆட்களின் பெயர் கீறியிருக்கிறதே, அதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

நாடகம் போட ஆசையிருந்தால் ஹோமர் காவியத்து வீரன் ஒடிசியஸையும் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸையும் எடுங்கள். அரக்கன் பெயர் கேட்கும்போது ஒடிசியஸ் தன் பெயர் ‘யாருமில்லை’ என்கிறான். கண்ணைக் குத்தியதும் அரக்கன் அலற, யார் குத்தினது என்று அக்கம்பக்கத்து அரக்கர்கள் கேட்க, “யாருமில்லை! யாருமில்லை!” என்கிறான். அவர்களும் சரி, ஜீயஸ் அனுப்பிய நோய் போல என்று போய்விடுகிறார்கள். தமிழுக்கென்றே எழுதியது போல உட்காருகிற ஜோக் இது. கூத்துக் கட்டியங்காரன் மாதிரி ஒருவனை விட்டு நடுநடுவே கலாய்க்கச் சொல்லுங்கள், கிரேக்க நாடகத்திலும் கோரஸ் என்று ஒரு கூட்டம் பாடிக்கொண்டே கதைக்குக் கருத்துச் சொல்லும், ஏறக்குறைய நம் பின்பாட்டுக்காரர்கள் வேலைதான்.

கேள்வி: என் பேத்தி கொலுவில் ஆதீனா பொம்மை வைக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். நம் புராணமே பிள்ளைகளுக்குத் தெரியாதபோது வெளிநாட்டுச் சாமிகள் எதற்கு?
– ஒரு தாத்தா, மாட்டுங்கா

பதில்: கோபம் புரிகிறது ஐயா. ஆனால் இவர்கள் அவ்வளவு வெளிநாடும் இல்லை. கோலாப்பூர் மகாலட்சுமி கோயிலுக்குக் கட்டாயம் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அந்த ஊர் டவுன்ஹால் மியூசியத்தில் எட்டிப் பாருங்கள், அங்கே பிரம்மபுரி மேட்டில் 1940-களில் தோண்டியபோது கிடைத்த சின்ன வெண்கல போசைடன் இருக்கிறார். லோனாவாலா பக்கத்துக் கார்லா குகைத் தூண்களில் யவனர்கள் கொடுத்த தானம் என்று கல்வெட்டே இருக்கிறது. அகநானூறு 149-ஆம் பாட்டில் யவனர் மரக்கலம் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு போகிறது. வியாபாரத்துக்கு வந்தவன் சாமியையும் மடியில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

பேத்தியிடம் ஒரு வேலை கொடுங்கள். ஒடிசியஸ் வீடு திரும்பியதும் யாராலும் நாணேற்ற முடியாத வில்லை வளைத்து, பன்னிரண்டு கோடரிகள் வழியே அம்பு விட்டுத் தன்னை நிரூபிக்கிறான். இதே மாதிரி நம்மிடம் எத்தனை வில் இருக்கிறது என்று அவள் உங்களிடம் கேட்கட்டும், ஜனகர் வீட்டு வில், துருபதன் சபை வில் என்று நீங்கள் சொல்லுங்கள். ஒற்றுமையை விட வித்தியாசம்தான் சுவை. நம் இரண்டு வில்லிலும் கல்யாணம் ஆகவேண்டியவன் ஜெயிக்கிறான், அங்கே ஏற்கெனவே கல்யாணமானவன் தன் மனைவிக்காகவே மறுபடி ஜெயிக்கிறான்.

ஒன்று மட்டும் வேண்டாம், இந்திரன் இடது பக்கம், ஜீயஸ் வலது பக்கம் என்று கோடு போட்டு ஜோடி சேர்க்கிற அட்டவணை. சூலம் வைத்திருப்பதால் போசைடன் சிவனாகிவிட மாட்டார். கொலுவைப் பொறுத்தவரை, கிரிக்கெட் டீமும் செட்டியார் பொம்மையும் இருக்கிற படியில் ஆந்தையோடு ஓர் அம்மாள் இருந்தால் குடி முழுகாது, கீழ்ப்படியில் இடம் கொடுங்கள்.

கேள்வி: பள்ளியில் ‘பண்டோராவின் பெட்டி’ செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தெர்மகோலில் செய்யலாமா, அட்டையிலா?
– ஓர் அம்மா, டோம்பிவிலி

பதில்: இரண்டும் வேண்டாம், ஊறுகாய் ஜாடியைக் கொடுத்தனுப்புங்கள். பழைய கிரேக்கக் கவி ஹெஸியட் சொன்னதில் அது தானியமும் எண்ணெயும் வைக்கிற பெரிய மண் ஜாடிதான். 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் லத்தீனில் எழுதும்போது ஜாடி பெட்டியாகிவிட்டது, அதிலிருந்து உலகம் முழுக்கப் பெட்டி. ஜாடிக்குள் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பயங்களை எழுதிச் சுருட்டிப் போடட்டும். பண்டோரா என்ற பெண் மூடியைத் திறக்க, எல்லாத் துன்பமும் வெளியேறின பிறகு நம்பிக்கை மட்டும் உள்ளே தங்கிவிட்டது என்கிறது கதை. அது நமக்காகச் சேமித்து வைத்ததா, இல்லை நமக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்ததா? இதற்கு இன்னும் பண்டிதர்களிடமே ஒத்த கருத்து கிடையாது. டீச்சர் மார்க் குறைத்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஜீயஸ் பண்ணுகிற காரியங்களை ஏழாம் வகுப்பில் எப்படிச் சொல்வது? ‘காதலித்தார்’ என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.
– ஓர் ஆசிரியை, முலுண்ட்

பதில்: அந்தச் சொல்லைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் தங்கச்சி. விவரம் வேண்டாம், ஆனால் பொய்யும் வேண்டாம். ‘அவள் விருப்பத்தைக் கேட்கவில்லை’ என்று நேராகச் சொல்லலாம், அந்த வயசுக்கு அது புரியும், புரியவும் வேண்டும். பிறகு கதையை அவர் பக்கத்திலிருந்து எடுத்து அவள் பக்கம் வையுங்கள். ஜீயஸ் துரத்திய ஐயோ என்ற பெண்ணைப் பசுவாக மாற்றிவிடுகிறார்கள், அவர் மனைவி ஹீரா அனுப்பிய உண்ணி ஈ கடித்து விரட்ட அவள் ஊர் ஊராக ஓடுகிறாள். ஓவிட் சொல்கிறபடி, பேச வாயில்லாததால் குளம்பால் மண்ணில் தன் பெயரைக் கீறித் தகப்பனுக்குக் காட்டுகிறாள். அந்தப் பசு இன்னும் இரண்டு வரி எழுத முடிந்திருந்தால் என்ன எழுதியிருக்கும்? பிள்ளைகள் எழுதட்டும். நம் காதில் ‘ஐயோ’ என்று விழுகிற பெயர் வேறு, முதலில் சிரிப்பார்கள், எழுத உட்கார்ந்தால் அடங்கிவிடுவார்கள்.

அறிவியல் டீச்சரையும் இழுத்துவிடுங்கள். 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நாலு துணைக்கோள்களுக்கு ஐயோ, யூரோப்பா, கேனிமீட், கலிஸ்டோ என்று பெயர். வியாழன் என்றால் ஜூபிடர், அதாவது ஜீயஸின் ரோமப் பெயர், நாலும் அவர் துரத்திப் போனவர்கள். 2011-இல் நாசா அங்கே அனுப்பிய விண்கலத்துக்கு ஜூனோ என்று பெயர் வைத்தார்கள், ஹீராவின் ரோமப் பெயர். சம்சாரத்தையே அனுப்பிவிட்டார்கள் பாருங்கள்.

கேள்வி: சம்மர் புராஜெக்ட்டுக்கு ‘நம் ஊரில் கிரேக்கப் பெயர்கள்’ என்று எடுத்திருக்கிறேன். நைக்கி, அப்பல்லோ, டைட்டன், அட்லஸ் கிடைத்தது. வேறு?
– எட்டாம் வகுப்பு மாணவன், நவி மும்பை

பதில்: டைட்டனில் மாட்டிக்கொண்டாய் தம்பி. அது டாட்டாவும் தமிழ்நாடும் சேர்ந்த கம்பெனி, இரண்டு பேர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து வைத்தது, ஹோசூர்ப் பக்கத்துச் சங்கதி. கிரேக்க டைட்டன்கள் மாதிரி ஒலிப்பது கூடுதல் லாபம். அட்லஸ் சரி, ஆனால் பழைய கதையில் அவன் தூக்குவது பூமியை இல்லை, வானத்தை, அதையும் எழுது. அமேசான் கம்பெனிக்குத் தென் அமெரிக்க நதியின் பெயர், நதிக்கு வந்தது கிரேக்கக் கதையின் போர்ப்பெண்கள் பெயர். உன் அப்பா போனுக்குள்ளேயும் ஒருவன் இருக்கலாம், டான்டலம் என்ற உலோகம். கழுத்தளவு தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாத டான்டலஸின் பெயர், அமிலத்தில் போட்டாலும் அதை உறிஞ்சாத உலோகம் என்பதால் 1802-இல் வைத்தது. அதோடு கலந்தே கிடைக்கிற இன்னொரு உலோகத்துக்கு 1844-இல் அவன் மகள் நையோபி பெயரை வைத்தார்கள், நையோபியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்கேட்டில் இறங்கி நட. ஃப்ளோரா ஃபவுண்டன், 1864, உச்சியில் நிற்பவள் ரோமப் பூத்தெய்வம், அதனால் கிரேக்கத்தில் சேர்க்காதே. அங்கிருந்து ஹார்னிமன் சர்க்கிள் தாண்டினால் ஏஷியாட்டிக் சொசைட்டி இருக்கிற டவுன்ஹால், முகப்பில் டோரிக் தூண்கள். கிரேக்கக் கோயில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஏதென்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம், அந்தப் படிகளில் உட்கார்ந்து வரைந்துகொண்டு வா. தண்ணீர் பாட்டில் எடுத்துப் போ.

கேள்வி: பீரியட்டில் கடைசி ஐந்து நிமிஷம் மிஞ்சினால் என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம் என்கிற ஓர் ஆசிரியர், சயான்

பதில்: மைடாஸ் ராஜாவுக்குக் கழுதைக் காது முளைத்த கதை. முடிவெட்டுகிறவன் ரகசியம் தாங்காமல் குழி தோண்டி அதில் சொல்லி மூட, அங்கே முளைத்த நாணல் காற்றில் ஆடி ஊருக்கே சொல்லிவிடுகிறது. ‘ராஜா காது கழுதைக் காது’ என்று நம் வீட்டிலும் கேட்ட கதைதான். முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை காதில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள், கடைசி பெஞ்ச் வரை காதோடு காதாகப் போகட்டும். நான் ஒரு தடவை “மைடாஸ் காதை மறைக்கிறான்” என்று அனுப்பினேன், கடைசிப் பையன் எழுந்து “மைதா கடையில கிடைக்குதாம் சார்” என்றான்.